சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்துத் தக்காளி

வணக்கம் நேயர்களே. தக்காளிச் சமையலைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தக்காளியில் பேச என்ன இருக்கிறது, கறிக்குள் வெட்டிப் போடுவோம், விலை ஏறினால் திட்டுவோம், அவ்வளவுதானே. அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து அடுப்படியில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, தக்காளியைக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வாழ்க்கைப்பட்டது தலவாக்கலைப் பக்கம். ரயில் ஏறினால் சில மணி நேரம்தான். ஆனால் மழை வேறு. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில், 6,200 அடி உயரத்தில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும் இல்லையா, ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் தூறலும் மூடுபனியுமாக உள்ளே போய் அந்தப் பக்கம் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்த நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை என்று கொட்டும்போது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை இருக்கிற ஊவாவில், காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை தொடங்கினால் நனைகிற முறை அவர்களுக்கு. அதனால் "மலையகத்தில் தக்காளி சீசன் எப்போ?" என்று என்னிடம் கேட்டால், சுரங்கத்துக்கு எந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

சொந்தக்காரர் யாராவது ரயிலில் வந்தால் அம்மா ஒரு பை தக்காளி கொடுத்தனுப்புவார். வெலிமடைச் சந்தையில் வாங்கியது. அந்தப் பையை அவர் அடுக்குகிற அழகே தனி: அடியில் கல்லுப்போலப் பச்சைக் காய், நடுவில் செங்காய், மேலே பழுத்தது. கடுதாசி எதுவும் இருக்காது. மேலே இருப்பதை இன்றைக்கு, நடுவில் இருப்பதை இரண்டு மூன்று நாளில், அடியில் இருப்பதை உன் இஷ்டம்போல, அதுதான் கடுதாசி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டி ஒரே மாதிரி சட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருக்கிற தக்காளி எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இன்றைக்கு என்ன கறி என்று முடிவு பண்ண வேண்டும், நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

முதல் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். புகுந்த வீட்டில் முதல் வாரம், மைசூர்ப் பருப்போடு தக்காளியையும் ஆரம்பத்திலேயே அள்ளிப் போட்டு அடுப்பில் வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம். பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். மாமி அகப்பையால் கிளறிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இது பருப்பா, பாசிமணியா?" என்றார். புளிப்பு இருந்தால் பருப்பு சீக்கிரம் மசியாது, அது எங்கேயும் உள்ள கதை. நமக்கு அதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே தளபுள என்று கொதிக்கும், கொழும்பில் 100. கொதிக்கிறதே என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம், உள்ளே சூடு பற்றாமல் பருப்பு பாட்டுக்குக் கிடக்கும். ஆகவே பருப்பு முழுசாக மசிந்த பிறகு தக்காளி, அதுவும் வதங்கிய பிறகு தேங்காய்ப் பால். பாலை ஊற்றினால் நெருப்பைக் குறைத்துவிடுங்கள், புளிப்பும் பெருங்கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துபோகும்.

பருப்பும் தக்காளியும் சேருவதில் ருசியைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது, இன்றைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். பருப்பில், கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. விட்டமின் சி கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். வேக வைக்காத தக்காளிப் பழம் நூறு கிராமில் 14 மில்லிகிராம் அளவுக்கு அது உண்டு, கொதிக்க வைத்தால் ஒரு பங்கு போய்விடும். அதனால் நான் இரண்டு தக்காளி எடுத்தால் ஒன்றைக் கறியில் போட்டு, மற்றதைச் சின்னதாக அரிந்து, இறக்கி வைத்த பிறகு மேலே தூவுகிறேன். வேக வைப்பதிலும் லாபம் இருக்கிறது: தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கிற லைகோபீன் என்கிற சத்து, எண்ணெயோ தேங்காய்ப் பாலோ சேர்ந்து வெந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆக, பாதி வெந்தது, பாதி பச்சை.

இதையெல்லாம் கெடுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது வெகுவாகக் குறைத்துவிடும். தேயிலையில் பிழைத்த வீட்டுப் பிள்ளை தேத்தண்ணியைக் குறை சொல்கிறதே என்று கோபிக்காதீர்கள், நானும் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறவள்தான். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற அக்காமார் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, கூடவே ஒரு போத்தல் பிளேன்டீயும் எடுத்துப் போவார்கள், ஒரு வாய் ரொட்டி, ஒரு மடக்கு டீ. அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்து, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வதில் தக்காளியைச் சேர்த்தால் காசு செலவில்லாத வைத்தியம். பகல் இடைவேளையே ஒரு மணி நேரம்தானே என்று கேட்பீர்கள், நியாயம்தான். அப்படியானால் முதலில் சாப்பாடு, திரும்ப வேலைக்கு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் டீ, அதையாவது செய்ய முடிகிறதா பாருங்கள்.

சரி, மழைக்காலத்துக்கு வருவோம். ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்துச் சந்தைக்கு வருகிற தக்காளி நீர் கோத்து இருக்கும், வெட்டினால் பலகை முழுக்கத் தண்ணீர். சம்பலுக்கு அது ஆகாது. ரசத்துக்கோ அதை மிஞ்ச வேறில்லை. சந்தை கலைகிற நேரத்தில் நசுங்கியதைக் குவித்து மலிவாகக் கொடுப்பார்கள், நான் அதற்காகவே பிந்திப் போவேன். நசுங்கியது பரவாயில்லை, பூஞ்சணம் பிடித்தது வேண்டாம், தக்காளி மென்மையான பழம், வெளியே ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. நாலு தக்காளியைக் கையால் பிசைந்து, மிளகு, சீரகம், மல்லி, நாலைந்து பல் பூண்டு எல்லாவற்றையும் அம்மியில் ஒன்றும் பாதியுமாக நசுக்கிப் போட்டு, நுரை கூடி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், ஈரத் துணியும் புகையுமாக இருக்கிற லயத்துக் காம்பராவே, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையே, கொஞ்சம் சூடாகிவிடும். அலுமினியச் சட்டியில் மட்டும் தக்காளியைக் கொதிக்கப் போட்டு அப்படியே விட்டுவைக்காதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டி இருந்தால் நல்லது.

தை பிறந்தால் நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பகலில் நல்ல வெயில். அந்தக் காலத்தில் தோல் இறுகி, சதை கெட்டியாக ஒரு தக்காளி வரும் பாருங்கள், அதை வெட்டவே கூடாது, சுட வேண்டும். ராத்திரி ரொட்டி தட்டி முடித்த தணலில், முழுசாக, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிடுங்கள். முதலில் தோல் சுருங்கும், பிறகு ஒரு இடத்தில் வெடித்து அந்தச் சாறு தணலில் சொட்டும், சொட்டுகிற வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகின தோலை விரலால் உரித்து, சுட்ட செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு சேர்த்துக் கையால் பிசைந்து, மேலே ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். மாசிக் கருவாடு இருந்தால் இடித்துப் போடலாம், இல்லாவிட்டாலும் குறை தெரியாது. மிக்ஸியில் அடித்தீர்களென்றால் என்னிடம் வந்து நன்றாக இல்லை என்று சொல்லக்கூடாது.

குளிரில் இன்னொரு தொல்லை, காய் பழுக்காது. 12, 13 பாகைக்குக் கீழே போனால் தக்காளி பழுக்கிற வேலையை நிறுத்திவிடும், வாசமும் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தக்காளி சப்பென்று இருப்பது இதனால்தான், நமக்கோ சில மாதம் அடுக்களையே குளிர்சாதனப் பெட்டி. செய்தித்தாளில் சுற்றி, பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் கூட வைத்து, அடுப்பு மேடையின் சூடு படுகிற ஓரத்தில் வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து வருகிற வாயு தக்காளியையும் பழுக்க வைக்கும்.

பழுக்காவிட்டாலும் அழ வேண்டாம், பச்சைக் காய்க்குப் பால்கறி இருக்கிறது. நன்றாக முற்றிய காயாக இருக்க வேண்டும், பிஞ்சு கசக்கும். நாலாகப் பிளந்து, மஞ்சள், வெந்தயம், பச்சை மிளகாய், வெங்காயம், ஒரு துண்டு ரம்பை இலை போட்டு, தேங்காயின் இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதல் பால். மாங்காய்க் கறிக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்.

விலை விழுந்து கிடக்கிற வாரங்களில் தொக்கு கிண்டி வையுங்கள். ஒரு கிலோ தக்காளி நல்லெண்ணெயில் சுண்டிச் சுண்டி ஒரு சின்ன ஜாம் போத்தலுக்குள் அடங்கிவிடும், பார்க்க அநியாயமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க மழை பெய்து சந்தைக்குப் போக முடியாத நாளில் அதுதான் கறி. ஈரக் கரண்டி படக்கூடாது, குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் கொஞ்சமாகச் செய்து நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள்.

வீட்டிலும் நாலு கன்று வைக்கலாம். மழையில் இலை நனைந்துகொண்டே இருந்தால் அங்கமாரி வந்து சில நாளில் செடி கருகிவிடும், உருளைக்கிழங்குக்கு வருகிற அதே நோய்தான், பக்கத்தில் கிழங்கு இருந்தால் அங்கிருந்தும் தொற்றும். நான் பழைய உரப் பையில் மண் நிரப்பி, தகரக் கூரையின் இறவாரத்துக்கு உள்ளே, வெயில் படுகிற பக்கமாக வைத்திருக்கிறேன். தண்ணீர் அடியில்தான் ஊற்றுவேன், இலையில் படாமல். அதுவும் சரிவராதவர்களுக்கு மரத்தக்காளி இருக்கிறது. முட்டை வடிவத்தில், கருஞ்சிவப்பாக, ஒரு மரம் நின்றால் வேலியோரத்தில் அது பாட்டுக்குக் காய்க்கும். தோல் கசக்கும், சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு உரித்துவிட்டு உள்ளே இருப்பதை வெங்காயம், பச்சை மிளகாயோடு சம்பல் போட்டால் சோறு இறங்குவதே தெரியாது.

அம்மா இப்போது இல்லை, பை இப்போது தம்பி மகள் கையில் வருகிறது, அவளும் அதே மாதிரித்தான் அடுக்குகிறாள். போன ஞாயிறு வந்ததில் மேலே இருந்தது ரசமாகிவிட்டது, நடுவில் இருந்தது நேற்று நெத்தலிக் கருவாட்டோடு போய்விட்டது. அடியில் ஆறு காய் மிச்சம். காலையில் இங்கே கிளம்பும் முன் அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி அடுப்போரம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சிவந்தால் சுடுவேன், சிவக்காவிட்டால் ஒரு தேங்காய் வாங்க வேண்டும். வணக்கம்.