ராஜா இல்லாத கோட்டையா?

வணக்கம் நேயர்களே. வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, அதிகாரம் இல்லாத போலீஸ். கோயில் கணக்கு 1981-லேயே தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் அந்த வருஷம் கோட்டைக்குள் வந்துவிட்டார். பாலாற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வரும், விட்டுவிடுவோம். எனக்கு உறுத்துவது ராஜா கணக்கு.

ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், கண்டி மகால், பாதுஷா மகால் என்று கோட்டைக்குள் அத்தனை மகால்கள். பெயரைக் கேட்டால் ஹைதர் அலி இங்கே தர்பார் நடத்தியதுபோல இருக்கும். உண்மையில் 1780-க்குப் பிறகு அவர் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுப் பார்த்தது, பிடிக்க முடியவில்லை. 1799-ல் சீரங்கப்பட்டணத்துப் போரில் ஹைதரின் மகன் திப்பு விழுந்தார். திப்புவின் பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் கிழக்கிந்தியக் கும்பினி இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தது. பாட்டனுக்கு வாசல் திறக்காத கோட்டைக்குள் பேரன்கள் கைதியாக நுழைந்தார்கள். பென்ஷன் உண்டு, பணியாட்கள் உண்டு, வெளியே போக மட்டும் உத்தரவில்லை.

1806 ஜூலை 9-ம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். மறுநாள் விடிவதற்குள் கும்பினியின் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போடு என்றெல்லாம் உத்தரவு போட்டால் யார்தான் பொறுப்பார்கள்? கோட்டைமேல் மைசூர்க் கொடி ஏறியது. ஆனால் காலையிலேயே ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கிவிட்டார். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

சரி, காலியான இடத்தைக் கும்பினி சும்மா விடுமா? பத்தே வருஷத்தில் அடுத்தவர் வந்தார். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்பது இளமைப் பெயர். 1816-ல் இங்கே வந்தவர், 1832-ல் இங்கேயே காலமானார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறதே, அது அவருடைய நினைவிடம்.

அப்புறம் கோட்டைக்குள் அரசு அலுவலகங்கள் வந்தன, அருங்காட்சியகம் வந்தது, காவலர் பயிற்சிப் பள்ளியும் வந்தது. பயிற்சிக்கு வந்த பையன்களுக்குக் காக்கி உண்டு, லத்தி உண்டு, ஒருவரையும் பிடித்து உள்ளே வைக்க முடியாது. அதைத்தான் ஊர் கிண்டல் செய்தது. அவர்களுக்கு முன்னே அங்கே குடியிருந்த ராஜாக்களுக்கும் அதே நிலைமைதான் என்பது ஏனோ கிண்டலில் ஏறவில்லை.

அடுத்த முறை சாயங்காலம் கோட்டைக்குக் காற்று வாங்கப் போவீர்கள். ஹைதர் எந்த மகாலில் இருந்தார் என்று பிள்ளைகள் கேட்டால், அகழிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுங்கள். வணக்கம்.