யூதா நாட்டு முத்திரைக் கற்கள்: வெட்டும் முறையும் படிக்கும் முறையும்

அவையோருக்கு வணக்கம்.

யூதர்களின் செதுக்கு வேலை என்றதும் வெள்ளிக் கிண்ணம், ஹனுக்கா விளக்கு, கல்லறைக் கல் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். நான் இன்று எடுத்துக்கொண்டது அவற்றுக்கெல்லாம் மூத்தது. கி.மு. 8 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை யூதா நாட்டில் புழங்கிய முத்திரைக் கற்கள். விரல்நுனி அளவுதான் இருக்கும்; ஆனால் நிலப் பத்திரமும் அரசாணையும் அதை நம்பித்தான் செல்லுபடியாயின. நான் வற்புறுத்திச் சொல்ல வருவது இதுதான்: இந்தக் கல்லைத் தனியே எடுத்துப் பார்த்தால் பாதிதான் புரியும். அது பதிந்த களிமண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் வெட்டியவனின் திறமையும் தெரியும், கல்லின் பயனும் தெரியும்.

கல் பெரும்பாலும் நீள்வட்டம். நீளம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர். அடி தட்டை, முதுகு மேடு. நீளவாக்கில் துளை, அதில் கயிறு கோத்து அணிவார்கள், அல்லது மோதிரத்தில் பதிப்பார்கள். சுண்ணாம்புக்கல், எலும்பு ஆகியவை மலிவு. வசதி உள்ளவர்கள் சூதுபவளம், ஜாஸ்பர், அகேட் என்று போனார்கள்.

இந்த இரண்டு வகைக்கும் வேலைமுறையே வேறு. மோ கடினத்தன்மை அளவுகோலில் சுண்ணாம்புக்கல் 3. உலோக முனையாலேயே கீறிவிடலாம். சூதுபவளம் 7. அதில் இரும்பு உளி வழுக்கும். மீறி அடித்தால் கல் சில்லு பெயரும். அங்கே வெட்டுவது உலோகமல்ல, பொடி. கடினம் 9 உள்ள குருந்தப் பொடியை எண்ணெயிலோ நீரிலோ குழைத்து, செம்பு அல்லது வெண்கல முனையில் ஒட்டவைத்து, வில்லால் முன்னும் பின்னும் சுழற்ற வேண்டும். முனை மென்மையாக இருப்பதுதான் இங்கே வசதி. பொடியின் மணிகள் அதில் பதிந்து நின்று கல்லைத் தேய்க்கும். பொடி தீர்ந்துபோனது தெரியாமல் சுழற்றினால் முனைதான் தேயும், கல் தேயாது.

துளையிடும்போதுதான் கல் அதிகம் உடையும். ஒரு பக்கத்திலிருந்தே குடைந்துகொண்டு போனால், முனை மறுபக்கம் வெளிவரும் இடத்தில் விளிம்பு பெயர்ந்துவிடும். இரு பக்கமும் குடைந்து நடுவில் சந்திக்க வைப்பது நல்லது. கோணம் சற்றே பிசகினால் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். ஆகவே துளையை முடித்த பிறகு எழுத்தில் கை வைப்பதுதான் புத்தி. நேர்த்தியாக வெட்டிய பெயரோடு கல் பிளந்தால் உழைப்பு முழுவதும் வீண்.

எழுத்தின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான். ஓரத்தில் சுற்றுக்கோடு. நடுவில் இரட்டைக் கோடு. மேலே, உடைமையைக் காட்டும் லாமெத் எழுத்தும் சொந்தக்காரர் பெயரும்; கீழே தந்தை பெயர். எபிரேயம் வலமிருந்து இடம் போகும் எழுத்து. கல்லில் அதைத் திருப்பி, இடமிருந்து வலமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடி பிம்பமாக வெட்ட வேண்டும். தவறுகள் இங்கேதான் நேரும். பழக்கத்தில் ஓர் எழுத்து திரும்பாமல் நின்றுவிடும். இடம் போதாமல் கடைசி எழுத்து சுற்றுக்கோட்டில் போய் முட்டும். கிடைத்துள்ள முத்திரைகளில் இரண்டையும் காணலாம்.

இனிக் களிமண். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஆவணத்தைச் சுருட்டி மடித்து, நூலால் கட்டி, முடிச்சின் மேல் சிறு களிமண் உருண்டையை வைத்து அழுத்துவார்கள். மண்ணில் ஈரம் கூடினால் கல்லில் ஒட்டிக்கொண்டு எழுத்தைப் பிய்த்துவிடும். குறைந்தால் ஓரம் வெடிக்கும், எழுத்து மேலோட்டமாக விழும். கை சாய்ந்தால் ஒரு பக்கம் மங்கும். பதிவைத் திருப்பிப் பாருங்கள்: பாப்பிரஸ் நார்த்தடம், நூல் பள்ளம், சிலவற்றில் விரல்ரேகை. விவிலியத்தின் எரேமியா நூல் 32-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எரேமியா ஆனதோத் ஊரில் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்குகிறார். முத்திரையிட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டும் மண்பாண்டத்தில் வைக்கப்படுகின்றன. பின்னால் வழக்கு வந்தால் முத்திரையை உடைத்து ஒப்பிடத்தான் இந்த ஏற்பாடு.

1982-இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் யிகால் ஷிலோவின் அகழாய்வில் 51 களிமண் பதிவுகள் ஒரே வீட்டில் கிடைத்தன. கி.மு. 586-இல் பாபிலோனியர் வைத்த தீ ஆவணங்களை எரித்தது. களிமண்ணையோ சுட்டுக் கெட்டிப்படுத்தியது. அவற்றில் ஒன்று சாப்பானின் மகன் கெமரியாவுடையது. எரேமியா 36 இதே பெயரைச் சொல்கிறது. எருசலேமின் ஒப்பேல் பகுதியில் தொல்லியலாளர் எய்லாத் மசார் தோண்டியெடுத்து 2015-இல் அறிவித்த எசேக்கியா அரசரின் பதிவோ 9.7 × 8.6 மில்லிமீட்டர்தான். அதற்குள் அரசர் பெயர், தந்தை ஆகாஸ் பெயர், "யூதாவின் அரசர்" என்ற பட்டம், சிறகு தாழ்ந்த சூரியன், வாழ்வைக் குறிக்கும் எகிப்திய அங்க் குறி எல்லாம் அடங்கியிருக்கின்றன. அந்த அளவில் வெட்டிய கையை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

அகழாய்வில் கிடைத்தது, சந்தையில் வந்தது என்ற வேறுபாட்டை விடவே கூடாது. எரேமியாவின் எழுத்தர் பாருக்கின் முத்திரை என்று 1970-களில் சந்தையில் தோன்றிப் புகழ்பெற்ற பதிவு, 2014-இல் வெளியான ஆய்வில் நவீனப் போலி என்று காட்டப்பட்டது. வடக்கே மெகிதோவில் 1904-இல் கிடைத்த, யெரொபெயாம் அரசரின் பணியாளர் ஷெமாவின் முத்திரை கதையோ வேறு. கர்ஜிக்கும் சிங்கம் வெட்டிய அந்த ஜாஸ்பர் கல் இஸ்தான்புல்லுக்குப் போய்க் காணாமல் போனது. முன்பே எடுத்துவைத்த வார்ப்பு நகலை வைத்துத்தான் இன்று அதைப் படிக்கிறோம்.

இந்தத் தொழிலை வேதமும் அறிந்திருக்கிறது. யாத்திராகமம் 28-இல் தலைமைக் குருவின் ஏபோத் என்ற மேலாடைக்கு இரண்டு கற்கள், கல்லுக்கு ஆறு பெயர். மார்ப்பதக்கத்துக்கு நான்கு வரிசையில் பன்னிரண்டு கற்கள். "முத்திரை வெட்டுவது போல" வெட்ட வேண்டும் என்பது கட்டளை. அதே அதிகாரம் கற்கள் நிறைவாகப் பதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. வெட்டினால் கல் குறையுமே, பிறகு நிறைவு எப்படி? யூதச் சட்ட விளக்க நூலான தால்முதின் சோத்தா பகுதியில் அறிஞர்கள் இதற்குச் சொல்லும் விடை எனக்கு மிகவும் பிடித்தது: மையால் பெயரை எழுதி ஷாமீர் என்ற உயிரை அதன் மேல் காட்டினார்களாம், கோடையில் அத்திப்பழம் வெடிப்பது போலக் கல் தானே பிளந்தது, ஒரு துகளும் உதிரவில்லை. ஷாமீர் பார்லி மணி அளவே. அதைக் கம்பளித் துணுக்கில் சுற்றி, பார்லித் தவிடு நிரப்பிய ஈயக் கலத்தில் வைப்பார்கள் என்கிறது அந்தப் பகுதி.