துப்பறியும் கதைக்குள் ஒரு சொற்புதிர்

வணக்கம் நேயர்களே. வேலூர்க் கோட்டையின் அகழிக்கரையில் நின்று பேசுகிறேன். துப்பறியும் கதையோடு சொற்புதிரையும் சேர்த்து எழுதும்போது, அந்தப் புதிர் கதைக்குள் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இத்தகைய கதைகள் பலவற்றில், கதை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வாசகர் ஒரு கட்டத்தை நிரப்பி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து அது மீண்டும் தொடர்கிறது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் நேராது என்றால், அது அங்கே இருக்கத் தேவையில்லை. துப்பறிபவருக்கு முன்பாகவே வாசகர் உண்மையை எட்டிப்பிடிப்பதற்கான வழியாகப் புதிர் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். லாங் பஜாரில் மண்டி நடத்திவந்த ஒரு பெரியவர் இறந்துபோகிறார். நிலப் பத்திரங்கள் இருந்த பெட்டியைக் காணவில்லை. அவருடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘கன்று தேடுவது, முருகனின் முகங்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மூத்த மகன் மாட்டுக் கொட்டகையைத் தோண்டிப் பார்க்கிறார்; இளைய மகன் இரத்தினகிரி முருகன் கோயிலுக்கு ஓடுகிறார். கன்று தேடுவது பால், முருகனின் முகங்கள் ஆறு என்று சேர்த்துப் படித்த பேத்தியோ, பாலாற்றங்கரையில் தாத்தா வைத்திருந்த பம்புசெட்டு அறைக்குப் போகிறாள். மகன்களைத் திசைதிருப்பியதும் பேத்திக்கு வழிகாட்டியதும் ஒரே வரிதான். அந்தப் பம்புசெட்டைப் பற்றிக் கதையின் தொடக்கத்திலேயே ஒரு சொல்லாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், வேலூரை அறியாத வாசகருக்கு அது அநீதி.

இந்த முறை நம் மொழிக்குப் புதிதன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், சொல் விளையாட்டாக அமையும் சித்திரகவிகளுள் ஒன்றாக வினாவுத்தரத்தைச் சொல்கிறது. வினாக்களின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லை எட்டும் பாடல் அது. திருமகள் யார், போகிறவனை ஏவுபவன் என்ன சொல்வான், போரில் எய்யும் சரத்திற்கு வேறு பெயர் என்ன, அழகுக்கு இன்னொரு பெயர் என்ன என்று கேட்டு, திரு, ஏகு, அம்பு, அம் என்ற விடைகளை ஒன்றாக்கினால், சிவபெருமான் உறையும் காஞ்சியின் திருவேகம்பம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு விடையும் சிறியது. எல்லாம் கூடும்போது ஓர் இடம் துலங்குகிறது. மறைவிடத்தைத் தேடும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை.

நியூயார்க்கில் 1913 டிசம்பர் 21 அன்று ஆர்தர் வின் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிரின் கட்டங்கள் ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தவை. தமிழில் உயிர்மெய் முழுவதும் ஒரே கட்டத்தில் அடங்க வேண்டும். ஆனால், கணினியின் யூனிகோடு முறையில் ‘பாலாறு’ ஆறு குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், அவற்றை மட்டும் எண்ணும் மென்பொருள் மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆறு கட்டங்களை ஒதுக்கிவிடும். எனவே, கட்டங்களைக் கையால் வரைந்து சரிபார்ப்பதே நல்லது.

இனி உங்கள் முறை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் யாளி முதலிய பல உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் கதையில், அவற்றுள் ஓர் உருவம் உள்ள தூணருகே சந்திக்கலாம் என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்புகிறார்: ‘மூன்றெழுத்து. முதலெழுத்து போனால் மறைக்கும். நடுவெழுத்து போனால் நாயிடம் கேட்கும். கடையெழுத்து போனால் தாண்டச் சொல்லும்.’ அவர் எந்தத் தூணருகே காத்திருப்பார்?