புல் முடிந்து வைத்தவர்கள்

(திருவண்ணாமலையில், காலையில் நடக்கிற நண்பர்களின் கூட்டமொன்றில் பேசியது. பேச்சின் போக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். நடக்கிறவர்களைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பது பாவம். அதனால் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். நடப்பதில் ஆசை உள்ளவர்கள் படிக்க நாலு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு என்று ஒப்புக்கொண்டு பத்து சொல்வது மேடைக்காரர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை நானும் காப்பாற்றிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

கடையில் நடை என்று கேட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தினம் பத்தாயிரம் அடி என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பத்தாயிரமே ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த கணக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடி எண்ணும் ஒரு கருவிக்குப் 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் நம் டாக்டர்கள் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த வகைப் புத்தகங்களை நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே வீட்டில் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள்.

முதலில் என் சொந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன் பர்வதமலை ஏறப் போனேன். அடிவாரத்தில் ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் வாங்கினேன். ஏற இரண்டு மணி நேரம், வழியெல்லாம் தண்ணீர் என்று போட்டிருந்தது. ஒரு பாட்டிலோடு கிளம்பினேன். பாறையில் கடப்பாறைகளை அறைந்து வைத்த கடப்பாறைப் படியைப் பார்த்தபோது மணி நாலரை ஆகியிருந்தது, பாட்டில் எப்போதோ காலி. பின்னால் வந்த பையன் ஒருவன் கொடுத்த மோரில்தான் மேலே போய்ச் சேர்ந்தேன். அந்தப் புத்தகம் எழுதியவர் மலை ஏறவே இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். தலபுராணத்தைப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு, எனக்குத் தாகம் எடுக்கும் என்று தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே மலைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அருமையான வழிகாட்டி ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, மலைபடுகடாம். 583 அடி. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பெயரே ஒரு மலை ஏற்றம்தான்! செங்கண்மாவில் இருந்த நன்னன் என்ற குறுநில மன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தன், இனிமேல் போகப்போகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். செங்கண்மா நம்முடைய செங்கம். பாட்டில் வருகிற சேயாறு நம் செய்யாறு. நவிரமலை என்று அதில் வருவதைப் பர்வதமலை என்றுதான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை ஆற்றுப்படை இலக்கணம் என்று மனப்பாடம் பண்ணவைத்து நம்மை விரட்டிவிட்டார்கள். ஆறு என்றால் வழி. வழியில் ஆற்றுப்படுத்துவது. தமிழில் ஓர் இலக்கிய வகைக்கே வழிகாட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம், அதை மறந்துபோனோம்.

என்னென்ன சொல்கிறான் பாருங்கள். தினைப்புனத்துப் பக்கம் பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், 'விடியல் வைகினிர் கழிமின்'. பாம்பு ஒடுங்கிய குழி இருக்கும், அங்கே வழியை விட்டுக் கொஞ்சம் விலகி வலப்பக்கமாகப் போங்கள். பரண்மேல் காவல் இருப்பவன் யானையை விரட்டக் கவண்கல் எறிவான், அது கூற்றுவன் மாதிரி வரும், மரத்தில் மறைந்து மறைந்து போங்கள். பாசி படிந்து கால் வழுக்குகிற இடம் வரும், மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாடும் சொல்கிறான்: குன்றத்துச் சிற்றூரில் நன்னனிடம் போகிற கூத்தர் என்று சொன்னால் போதும், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். இன்றைக்கு எந்தச் செயலி இப்படிச் சொல்கிறது?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நானூறாவது அடிக்குச் சற்று முன்னால் வருகிற ஒரு வரி. வழி பிரிகிற சந்தியில் எது சரியான வழி என்று பார்த்துக் கண்டுபிடித்தாயிற்று. சரி, போகவேண்டியதுதானே? இல்லை. 'சந்து நீவிப் புல்முடிந்து இடுமின்.' உங்களுக்குப் பின்னால் இந்த இடத்துக்குப் புதியவர்கள் வருவார்கள், அவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். உரையோடு வாங்கி, வரலாறு, இலக்கணம் எல்லாம் மறந்து, மலை ஏறப்போகிறவனாக ஒரு தடவை படியுங்கள்.

இதே அக்கறையை நான் திரும்பப் பார்த்தது இங்கிலாந்தில், ஆல்ஃபிரட் வெய்ன்ரைட் என்ற மனிதரிடம். கெண்டல் என்ற ஊரில் நகராட்சிக் கணக்கு வழக்கு பார்த்தவர். கார் ஓட்டத் தெரியாது. விடுமுறை நாளில் பஸ் பிடித்து, ஏரி மாவட்டத்து மலைகளில் ஏறி இறங்கி, இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதினார். 1952இல் தொடங்கியது, 1955க்கும் 1966க்கும் இடையில் ஏழு புத்தகங்களாக வந்தது. 214 மலைகள். அச்சுக்கோப்பது என்ற பேச்சே இல்லை. எழுத்து, படம், வரைபடம் எல்லாம் அவர் கையால் மையில் வரைந்தது, அப்படியே அச்சானது. முதலில் நூறு பக்கம் போல முடித்தபிறகு, வரிகள் வலது ஓரத்தில் சமமாக முடியவில்லை என்று தூக்கிப்போட்டுவிட்டுத் திரும்ப எழுதினாராம். கணக்காளர் புத்தி! ஆறாம் புத்தகத்தைத் தன் வலது காலுக்கும் இடது காலுக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். சமர்ப்பணம் என்றால் அது.

1991இல் அவர் இறந்தபிறகு, அவர் விருப்பப்படியே ஹேஸ்டாக்ஸ் என்ற மலையில் சாம்பலைத் தூவினார்கள். அந்த மலையில் நடக்கும்போது செருப்பில் மண்துகள் ஏதும் புகுந்தால் மரியாதையாக நடத்துங்கள், அது நானாக இருக்கலாம் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். நாம் அந்த மலைகளுக்குப் போகப்போவதில்லை. ஆனாலும் ஒரு புத்தகம் வாங்கிப் பாருங்கள். ஒரு மலையை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஸ்பெயினில் சந்தியாகோ என்ற ஊருக்குக் கிறிஸ்தவர்கள் போகிற யாத்திரைக்கு 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய வழிகாட்டியும் மலைபடுகடாத்தின் பங்காளிதான். எந்த ஆற்றுத் தண்ணீர் நல்லது, எது விஷம் என்று பட்டியல் போடுகிறது. ஓர் உப்பாற்றங்கரையில் இருவர் கத்தி தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். குதிரைக்குத் தண்ணீர் காட்டலாமா என்று கேட்டால் தாராளமாக என்றார்கள். குடித்த குதிரைகளில் இரண்டு செத்து விழ, அங்கேயே தோலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பட்டவன் எழுதியது என்று படித்தாலே தெரிகிறது.

வழிகாட்டி போதும், இலக்கியமாக ஏதாவது என்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது நேன் ஷெப்பர்டின் 'தி லிவிங் மவுண்டன்'. ஸ்காட்லாந்தில் ஆசிரியை. கெய்ர்ன்கோம் மலைகளில் ஆயுள் முழுக்க நடந்தவர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் எழுதினார், 1977 வரை மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. சின்னப் புத்தகம். உச்சிக்கு ஏறுவது அவருக்கு முக்கியமில்லை, மலைக்குள் போவதுதான். கிரிவலம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பதினாலு கிலோமீட்டர் நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறோம், யாரும் உச்சி எங்கே என்று கேட்பதில்லை.

ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் வடதிசைப் பயணத்தைக் கட்டாயம் படியுங்கள். 1689இல் கிளம்பியது, உரைநடையும் ஹைக்கூவும் கலந்தது. அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் நடை பற்றிய கட்டுரையை எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சம் பிரசங்கம். தினம் நாலு மணி நேரமாவது நடக்கவேண்டும் என்கிறார். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலை அவருக்கு இல்லை போலிருக்கிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' அற்புதமான புத்தகம்தான், ஆனால் அதில் நடக்கிறது காவேரி. ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில் போகிறார்கள். தலைப்பை நம்பி என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

சதீஷ் குமாரின் தன்வரலாற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1962இல் அவரும் நண்பர் ஒருவரும் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து அணுகுண்டுக்கு எதிராக நடக்கத் தொடங்கினார்கள். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் வரை. கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வினோபா சொல்லி அனுப்பினார். காசு இருந்தால் விடுதியைத் தேடுவாய், இல்லாவிட்டால் மனிதர்களைத் தேடுவாய் என்பது கணக்கு. வழியில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண்கள் நாலு டீப் பொட்டலம் கொடுத்து, நாலு நாட்டுத் தலைவர்களிடம் சேர்க்கச் சொன்னார்களாம். குண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் முதலில் ஒரு டீ போட்டுக் குடிக்கட்டும் என்று.

பார்த்தீர்களா, நாலைத் தாண்டிவிட்டது.

கடைசியாக ஒரு வேலை வைத்துவிட்டு இறங்குகிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள், நீங்கள் தினம் நடக்கிற வழியைப் பற்றி. விடியற்காலை நாலரைக்கு எந்தக் கடையில் டீ கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் லாரி வேகமாக வரும், எங்கே நிழல், எங்கே உட்காரத் திண்ணை, எந்த வீதி நாய் குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த நாய் நிறுத்தாது. கடைசி விஷயத்தைப் பற்றி இரண்டாவது வரிசையில் காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒரு பக்கத்துக்கு மேலேயே எழுதலாம்.