பதினான்கு குழி, எழுபது முத்து: வீட்டுத் தரையில் பல்லாங்குழி

(காட்சி: சிமென்ட் தரை. சாக்கட்டியால் வரைந்த வட்டங்கள், வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை. ஒரு சிறு கை ஒவ்வொரு வட்டத்திலும் ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி வைக்கிறது.)

வணக்கம். பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுக்காமல், எல்லோரும் ஒரே அளவு ஆர்வத்தோடு ஈடுபடக்கூடிய வீட்டு விளையாட்டு எது என்று கேட்டால், நான் தயங்காமல் பல்லாங்குழியைச் சொல்வேன். இந்த வீடியோவில் அதை எப்படி ஆடுவது என்பதையும், ஆடும்போது குழந்தையின் மனக்கணக்கு எப்படி வளர்கிறது என்பதையும், முதல் ஆட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அழகான ஒரு கணக்கையும் பார்ப்போம்.

முதலில் பலகை. மரத்தாலான, நடுவில் மடிகிற, மீன் வடிவப் பலகைகளைப் பல வீடுகளின் பரணில் இன்றும் காணலாம். அம்மாவோ பாட்டியோ கல்யாணச் சீரில் கொண்டுவந்ததாக இருக்கும். அது இல்லையென்றால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தரையில் பதினான்கு வட்டங்கள் போதும். பழைய கோயில்களின் கல் மண்டபத் தரைகளில் இதே போன்ற குழிகளை வெட்டி வைத்து ஆடியிருக்கிறார்கள். குழந்தைகள் கையால் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், 30 முட்டை அடுக்கும் அட்டைத் தட்டில் ஆறு ஆறாக இரண்டு வரிசையை வெட்டி, இன்னும் இரண்டு குழிகளை ஓர் ஓரத்தில் ஒட்டிவிட்டால் பதினான்கு வந்துவிடும். ஊர்ப்புறங்களில் இதைப் பன்னாங்குழி என்றும் சொல்வார்கள்; பதினாலாங்குழி என்பதுதான் அப்படித் திரிந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

அடுத்தது காய். எங்கள் வீட்டில் அதை முத்து என்போம். புளி கொட்டை எடுக்கும் நாளில் நல்ல கொட்டைகளாகப் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். சோழியும் மஞ்சாடி விதையும் ஏற்றவைதான். குன்றிமணி மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். சிவப்பும் கருப்புமாகப் பார்க்க அழகாக இருந்தாலும் அதற்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. குழந்தை ஒன்றைக் கடித்து விழுங்கினாலும் ஆபத்து. எந்த விதையாக இருந்தாலும், கையில் கிடைத்ததை வாயில் போடும் வயதில் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், ஆட்டம் முடியும் வரை பெரியவர் ஒருவர் அங்கிருந்து எழக் கூடாது.

(காட்சி: பலகை மேலிருந்து. ஆடுபவரின் இடது கோடிக் குழியில் 1 என்ற எண் தோன்றுகிறது. அவர் வரிசையில் வலதுபுறமாக 7 வரை. அங்கிருந்து திரும்பி, எதிர் வரிசையில் 8 முதல் 14 வரை.)

இனி ஆட்டம். ஒவ்வொரு குழியிலும் ஐந்து முத்து, பதினான்கு குழிக்கு 70 முத்து, ஆளுக்கு 35. ஆட வேண்டியவர் தம் பக்கத்துக் குழிகளில் ஏதாவது ஒன்றிலிருக்கும் எல்லா முத்தையும் அள்ளி, வலப்புறமாக அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். தம் வரிசை முடிந்ததும் எதிர் வரிசைக்குத் திரும்பி, அப்படியே சுற்றி வரலாம். கையிலிருப்பது தீர்ந்ததும், அதற்கு அடுத்த குழியிலிருப்பதை அள்ளி ஆட்டத்தைத் தொடர வேண்டும். அந்த அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியிலிருப்பதை எல்லாம் எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதோடு முறை எதிராளிக்குப் போகிறது. இரண்டு குழிகள் சேர்ந்தாற்போல் வெறுமையாக இருந்தால் எடுக்க ஒன்றும் இல்லை. முறை மட்டும் மாறும்.

இதோடு பசு என்ற ஒரு விதியும் உண்டு. முத்து இடும்போது ஒரு குழியில் சரியாக நான்கு சேர்ந்துவிட்டால் அது பசு. ஆடுவது யாராக இருந்தாலும், அந்தக் குழி யாருடைய பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கே அந்த நான்கும் சொந்தம். ஆனால் அதை அவர் கவனித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டு, ஐந்தாவது முத்து விழுந்துவிட்டால் பசு போயிற்று. எதிராளி ஆடும்போது குழந்தை வேடிக்கை பார்க்காமல், மூன்று முத்து இருக்கும் குழிகளை எல்லாம் மனத்தில் குறித்துக்கொண்டு காத்திருப்பதற்கு இந்த விதிதான் காரணம். தன் முறை வரும் வரை பொறுத்திருக்கவும், பொறுத்திருக்கும்போதே கூர்ந்து பார்க்கவும் பழக்குகிற இதைவிட நல்ல விதியை நான் வேறு எந்த வீட்டு விளையாட்டிலும் கண்டதில்லை.

இப்போது முதல் ஆட்டத்தை மெதுவாக ஆடிப் பார்க்கலாம். நீங்களும் ஒரு பலகையை வைத்துக்கொண்டு கூடவே ஆடினால் நன்றாக விளங்கும்.

(காட்சி: ஒவ்வொரு நகர்வும் மெதுவாக. குழிகளின் மேல் எண்ணிக்கை மாறிக்கொண்டே வருகிறது.)

ஒன்றாம் குழியிலிருக்கும் ஐந்தை அள்ளுகிறோம். 2 முதல் 6 வரை ஒவ்வொன்று இட, அந்தக் குழிகளில் ஆறு ஆறாகின்றன. அடுத்து 7-ஆம் குழியின் ஐந்தை அள்ளி 8 முதல் 12 வரை இடுகிறோம். அடுத்தது 13, அதன் ஐந்து முத்தும் 14-க்குப் போய், சுற்றித் திரும்பி, வெறுமையாகக் கிடந்த 1-ஆம் குழியில் ஒன்று விழுந்து, 2, 3, 4 ஆகிய குழிகளை ஏழு ஏழாக்குகின்றன. இப்போது 5-ஆம் குழியில் ஆறு இருக்கிறது. அதை அள்ளி 6 முதல் 11 வரை இட்டால், அடுத்து வருவது 12; அதிலும் ஆறு. அவற்றை 13, 14, 1, 2, 3, 4 என்று இட்டு முடிக்கிறோம். அடுத்த குழி 5. சற்று முன்தான் அதை அள்ளினோம், வெறுங்குழி. துடைத்துவிட்டு 6-ஆம் குழியைப் பார்த்தால் ஏழு முத்து. அந்த ஏழும் நமக்கு.

இனி நான் மிகவும் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். எட்டு வயதான என் மகள் தன் ஆச்சியோடு, அதாவது என் அம்மாவோடு, ஆடிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு முறையும் முதல் ஆட்டத்துக்கு வேறு வேறு குழியை எடுத்துப் பார்த்தாள். எங்கே தொடங்கினாலும் ஏழுதான் வந்தது. மூன்றாவது முறை, பாதி ஆட்டத்திலேயே கையை நிறுத்திவிட்டு, “ஆச்சி, இதுவும் ஏழுதான் வரும், பாருங்க” என்றாள். அம்மா சிரித்தார். அது ஏன் என்று அவள் கேட்கும் வரை நாங்கள் யாரும் விளக்கவில்லை. கேட்கும் முன்பே விளக்கியிருந்தால், அந்தக் கண்டுபிடிப்பை அவள் கையிலிருந்து பிடுங்கியதாக ஆகியிருக்கும். காரணம் எளியது. பலகை ஒரு வட்டம். எல்லாக் குழியிலும் ஐந்து இருக்கும்போது எந்தக் குழிக்கும் தனிச்சிறப்பு இல்லை. எங்கே தொடங்கினாலும் அதே ஆட்டம்தான் இடம் மாறி நடக்கிறது. தொடங்கிய குழியிலிருந்து ஐந்து குழி தள்ளி ஏழு முத்து காத்திருக்கும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருந்தால் அடுத்த கேள்வியை அவர்களிடம் கேளுங்கள். குழிக்கு ஆறு முத்து வைத்துத் தொடங்கினால் முதல் ஆட்டம் எங்கே முடியும்? ஆடாமலேயே சொல்ல முடியும். அள்ளிய குழி ஒன்று, இட்ட குழி ஆறு, ஆக ஏழு. மீண்டும் அள்ளியது ஒன்று, இட்டது ஆறு, இன்னோர் ஏழு. பதினான்கு குழியும் முடிந்து, தொடங்கிய வெறுங்குழிக்கே வந்து நிற்கிறோம். அதைத் துடைத்தால் அடுத்த குழியில் ஏழு. ஐந்து முத்து ஆட்டம் இப்படி இரண்டே அள்ளலில் முடியாமல் ஐந்து அள்ளல் வரை சுற்றுவதற்கும் இதே கணக்குதான் காரணம். ஒன்றும் ஐந்தும் சேர்ந்த ஆறால் பதினான்கு மீதியின்றி வகுபடாது.

ஒரு பக்கத்துக் குழிகள் ஏழும் காலியாகி, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்து ஆட முத்து இல்லாதபோது சுற்று முடிகிறது. எதிர்ப்பக்கத்தில் எஞ்சியவை எதிர்ப்பக்கத்துக்காரருக்கே. இப்போது ஒருவரிடம் 43-உம் மற்றவரிடம் 27-உம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 27 வைத்திருப்பவர் குழிக்கு ஐந்தாக நிரப்பினால் ஐந்து குழி நிரம்பும், மீதி இரண்டு. அவர் பக்கத்தில் இரண்டு குழிகள் மூடப்பட்டு, அடையாளத்துக்கு ஈர்க்குச்சி வைக்கப்படும். அடுத்த சுற்றில் யாரும் அவற்றில் முத்து இடுவதில்லை. வென்றவர் ஏழு குழியையும் நிரப்பி, எட்டு முத்தைக் கையில் வைத்துக்கொள்வார். வகுத்தலில் மீதி என்றால் என்னவென்று பள்ளி நோட்டில் புரியாத குழந்தைக்கு, எந்தக் குழிக்கும் போதாமல் உள்ளங்கையில் தங்கிவிட்ட அந்த இரண்டு முத்து புரியவைத்துவிடும்.

(காட்சி: உள்ளங்கையில் இரண்டு புளியங்கொட்டைகள். பின்னால் ஈர்க்குச்சி வைத்த இரண்டு குழிகள்.)

இங்கே பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தின் நடுவே, “எத்தனை இருக்கிறது, சொல் பார்ப்போம்” என்று பரீட்சை வைக்காதீர்கள். எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதை ஆட்டமே குழந்தையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் நாம் கேட்டால் அது பாடமாகிவிடும், குழந்தையும் எழுந்து போய்விடும். அதேபோல வேண்டுமென்றே தோற்காதீர்கள். குழந்தை அதை உடனே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதிலாக, தொடக்கத்திலேயே பெரியவர் தம் குழிகளில் ஒன்றிரண்டை மூடி வைத்துவிட்டு, மீதியை வைத்து முழு மனத்தோடு ஆடலாம்.

தோல்வி இந்த ஆட்டத்தில் கண்ணெதிரே தெரியும். மூடிய குழிகளைப் பார்த்துக்கொண்டே ஆடுவது ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்குக் கடினம். பலகையைத் தட்டிவிட்டு அழுததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வயதினருக்குச் சுற்றுக்குச் சுற்று 35, 35 என்று புதிதாகத் தொடங்குவதே நல்லது. சற்று வளர்ந்தபின், இரண்டு குழி மூடிய நிலையிலிருந்து மீண்டு வருவதன் ருசி அவர்களுக்குத் தானாகவே பிடிபடும். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பாட்டியின் கையாக இருந்து முத்து இட்டால் போதும். எந்தக் குழி என்று பாட்டி சொல்லட்டும்.

வயதானவர்களைப் பற்றியும் சொல்கிறேன். தரையில் உட்கார முடியாதவர்களுக்காகப் பலகையை மேசை மேல் வைத்துவிடுங்கள். விரல் நடுங்குபவர்களுக்குப் புளியங்கொட்டை நழுவும். பெரிய சோழி பிடிக்க வசதியாக இருக்கும். முத்தை அள்ளி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி விடுவது குழந்தையின் விரலுக்கும் பாட்டியின் விரலுக்கும் ஒரே மாதிரியான நல்ல வேலை. யாரும் துணைக்கு இல்லாத மத்தியானத்தில் ஒருவரே ஆடிக்கொள்ளச் சீதைப் பாண்டி என்ற ஆட்டமும் இருக்கிறது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். கர்நாடகத்தில் அளிகுளி மணெ, ஆந்திரத்தில் வாமனகுண்டலு, சிங்களவரிடையே ஒலிந்த கெலிய, மலேசியாவில் சொங்காக் என்று இதன் உறவினர்கள் பல. வேறு ஊரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரை ஒரு மாலை அழைத்து, அவர்கள் ஊர் விதியில் ஒரு சுற்று ஆடிப் பாருங்கள்.

(காட்சி: துணிப்பையின் வாய் திறந்திருக்கிறது. பாட்டியும் பேத்தியும் பத்துப் பத்தாக எண்ணி முத்துகளைப் பையில் போடுகிறார்கள்.)

ஆட்டம் முடிந்ததும் முத்துகளை அப்படியே வாரிப் போடாமல், பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து எண்ணிப் பையில் போடுங்கள். ஏழு கூட்டம் வர வேண்டும். கடைசிக் கூட்டத்தில் ஒன்பதே இருந்தால், விளக்கைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் பாருங்கள். எங்கள் வீட்டில் அநேகமாக அங்கேதான் கிடக்கும்.