ஒரே ஒரு மரபணு, புழுவே கோழி மாதிரி ஆகிவிட்டது!

வணக்கம் மக்களே! திரையில் நெளிகிற இந்த நூற்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் துணையே இல்லாமல் தனியாக 300 முட்டை வரை இட்டுக் குஞ்சு பொரித்துவிடும். பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். 1960களில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்கு எடுத்தார், 2002இல் நோபல் வாங்கினார், வரலாறு போதும்.

இதில் தனிப் பெண் கிடையாது. இருபால் புழு, ஆண் புழு, அவ்வளவுதான். இருபால் புழு முதலில் விந்தணுவைச் செய்து சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் முட்டைக்கு மாறிவிடும். ஒய் குரோமோசோமும் கிடையாது. இரண்டு எக்ஸ் இருந்தால் இருபால், ஒன்றே இருந்தால் ஆண். தனியாகப் பெருகும்போது எப்போதாவது ஒரு எக்ஸ் தவறிப்போனால்தான் ஆண் பிறக்கும், ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு. பாவம் பயல்கள்!

சரி, எக்ஸ் எத்தனை என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் எனக்குப் பிடித்த கூத்து. பாட்டி அதட்டினால் அம்மா அடங்குவார், அம்மா அடங்கினால் பிள்ளைக்குக் கொண்டாட்டம் இல்லையா, அதே கதைதான். எக்ஸ் ஒன்றே என்றால் சோல்-1 மரபணு விழித்து எஸ்டிசி மரபணுக்களை அடக்கும். அவை அடங்கியதும் ஹெர்-1 கிளம்பும். அதன் புரதம் செல்லுக்கு வெளியே போய், பக்கத்துச் செல்லின் மேல் இருக்கும் டிரா-2 புரதத்தைப் பிடித்து அமுக்கிவிடும். உடனே ஃபெம் மரபணுக்கள் மூன்றுக்கும் கை ஓங்கி, கடைசியில் டிரா-1 அடங்கிப்போகும். டிரா-1 அடங்கினால் ஆண் உடம்பு. எக்ஸ் இரண்டு என்றால் எல்லாம் தலைகீழ்.

அப்படியானால் எக்ஸைக் கண்டுகொள்ளாமல் டிரா-1ஐ மட்டும் கெடுத்தால்? இரண்டு எக்ஸ் இருந்தும் ஆண்தான்! 1983இல் ஜோனதன் ஹாட்ஜ்கின் இதை வைத்து ஒரு வேலை செய்தார் பாருங்கள். அடக்கவே முடியாத டிரா-1 ஒரு பிரதி இருந்தால் விந்தணுவே செய்யாத அசல் பெண், இரண்டு பிரதியுமே கெட்டிருந்தால் ஆண். இரண்டையும் சேர்த்தால் குஞ்சுகள் பாதிக்குப் பாதி. எல்லோருக்கும் எக்ஸ் இரண்டுதான், ஆணா பெண்ணா என்று சொல்வது இப்போது மூன்றாம் குரோமோசோம்! கோழியில் பெட்டைக்குத்தான் குரோமோசோம் ஜோடியில் ஒன்று வேறு மாதிரி இருக்கும்; இங்கேயும் பெண்ணின் ஜோடியில் ஒன்று வேறு மாதிரி இருப்பதால், கணக்கு அப்படியே கோழியுடையது. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துச் செய்கிற மாற்றத்தை மனுஷன் ஆய்வகத் தட்டில் செய்து காட்டிவிட்டார். என்னைக் கேட்டால் இதற்கே தனிப் பரிசு கொடுக்கலாம்.

கொசுப்புழுவுக்குள் வளரும் ரோமனோமெர்மிஸ் என்கிற நூற்புழுவுக்கு இந்த எக்ஸ் கணக்கெல்லாம் இல்லை. உள்ளே கூட்டம் நெருக்கியடித்தால் பெரும்பாலும் ஆண், ஒன்றிரண்டு மட்டும் இருந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் பெண். அதற்குத் தனி வீடியோ வேண்டுமா? கமெண்டில் ‘கொசு’ என்று போடுங்கள், போட்டுவிடலாம்.