"அல்ஹம்துலில்லாஹ்" என்றால் ஐந்துக்கு எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

சவூதி மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் பதில் வரும். வலியில் துடிப்பவரும் அதையேதான் சொல்வார். இறைவனுக்கு நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். மருத்துவமனையில் நோயாளியை எப்படிக் கவனிக்கிறார்கள் என்று அளக்கும் கேள்வித்தாளில் இதற்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

கட்டில் எண்ணைப் பார்க்காமல் கட்டிலில் இருக்கும் ஆளைப் பார்க்கிறார்களா (ஆளை மையமாக வைத்த கவனிப்பு என்பார்கள்) என்று அளக்கும் இந்தக் கேள்வித்தாள்களில் பல ஆங்கிலத்திலும் ஸ்வீடிஷிலும் பிறந்தவை. அரபிக்குக் கொண்டுபோகும்போது ஒருவர் மொழிபெயர்ப்பார்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்ப்பார்; இரண்டையும் ஒப்பிடுவார்கள். சரி, ஆனால் சிக்கல் அதற்கப்புறம்தான்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் போதும். நமக்கும் "நீங்கள்" இருக்கிறது. அரபியிலோ ஆணுக்கு "அன்த்த", பெண்ணுக்கு "அன்த்தி". ஆண்பாலில் அச்சிட்ட தாளைப் பிரசவ வார்டில் நீட்டினால் எப்படி இருக்கும்? "உங்களுக்கு விளக்கினார்களா" என்பதை "எனக்கு விளக்கினார்கள்" என்று மாற்றினால் போதும்; "நான்", "எனக்கு" போன்ற தன்மைச் சொற்களிலும் அவற்றின் வினைகளிலும் பால் வேறுபாடு கிடையாது. எழுத்து மொழியும் பேச்சும் விலகி நிற்பது நமக்குப் பழகியதுதான். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு ஏட்டு அரபியில் வாசித்துக் காட்டினால், பாதி புரியாமலே தலையாட்டிவிடுவார்.

ஊழியர்களிடம் கேட்பதும் லேசில்லை. செவிலியத் துறை ஆய்வாளர்கள் மெக்கார்மாக், மெக்கான்ஸ் இருவரும் இந்தக் கவனிப்பைப் பற்றி வகுத்த கோட்பாட்டை வைத்து 2017இல் வெளிவந்த ஊழியர் கேள்வித்தாளில் 59 வாக்கியங்கள். வளைகுடா வார்டுகளிலோ பிலிப்பைன்ஸ், கேரளம், தமிழ்நாட்டு நர்ஸுகள் நிறைய. அவர்களுக்கு ஆங்கிலத் தாள், அரபு நர்ஸுகளுக்கு அரபித் தாள். இரண்டிலும் ஒரே பொருள்தான் படுகிறதா என்று சோதிக்காமல் மதிப்பெண்களைக் கூட்டுவது கிலோவையும் லிட்டரையும் கூட்டுவது போலத்தான்.

எனக்குப் பெரிதாகப் படுவது குடும்பம். கட்டிலுக்குப் பக்கத்தில் "முராஃபிக்" இருப்பார், கூடவே தங்கும் உறவினர். புற்றுநோய் என்ற செய்தி மகனுக்குத்தான் முதலில் போகும், பல வீடுகளில். "முடிவெடுக்கும்போது என்னையும் கேட்டார்கள்" என்ற வரிக்குத் தகப்பனார் குறைவாகப் போட்டால், அது மருத்துவமனையின் குறையா, அவரே மகனிடம் விட்டுவிட்டதா? அந்த வரியை எடுத்துவிடலாம் என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். அது இருக்கட்டும், முன்னால் இன்னொன்றைச் சேருங்கள்: "யார் முடிவெடுக்க வேண்டும் என்று விரும்பினீர்கள்?"

தாளின் உச்சியில் ஒரு சிறு கட்டமும் வேண்டும்: நிரப்புபவர் நோயாளியா, முராஃபிக்கா?